பெயரைக் கண்டு மயங்காதீர்!

(ஆங்கிலேயரின் கொத்துக்கறிப் பண்டங்கள் பற்றி ஒரு விளக்கம்)

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஆங்கிலச் சமையல் நூல்களைப் புரட்டும்போது இப்பழமொழியின் உண்மை நன்கு விளங்கும். பெயரில் வாத்து இருக்கும். பண்டத்தில் வாத்து இராது. பெயரில் சோளம் இருக்கும். உள்ளே ஒரு சோள மணிகூட இராது. ஒரே பண்டத்திற்கு இரண்டு பெயர்கள் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு பண்டங்களும் இருக்கும். இவை எல்லாம் எப்படி வந்தன?

இக்குழப்பம் மிகுதியாக இருப்பது கொத்துக்கறிப் பண்டங்களில்தான். காரணம் எளிது. முழு இறைச்சித் துண்டாக இருந்தால், எலும்பையும் நிறத்தையும் கொண்டு இது எந்த விலங்கு என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதையே பொடியாகக் கொத்தி, வெங்காயமும் மிளகும் சேர்த்து வதக்கி, மேலே உருளைக்கிழங்கு மசியலைப் போர்த்திவிட்டால் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது. பெயரை நம்பித்தான் உண்ண வேண்டும். அப்பெயரே நம்மை ஏமாற்றினால் என் செய்வது? ஆகவே, அன்புத் தோழியரே, இப்பெயர்களில் முக்கியமான சிலவற்றின் பொருளையும் வரலாற்றையும் காண்போம்.

மின்ஸும் மின்ஸ்மீட்டும்

கொத்துக்கறியை இங்கிலாந்தில் ‘மின்ஸ்’ என்பர். சிறிதாக நறுக்குதல் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் அதையே ‘கிரவுண்ட் மீட்’, அதாவது அரைத்த இறைச்சி என்பர். ஸ்காட்லாந்தில் ‘மின்ஸ் அண்ட் டாட்டீஸ்’ என்பது வீட்டுக்கு வீடு செய்யும் எளிய உணவு. டாட்டீஸ் என்றால் உருளைக்கிழங்கு. இதுவரை குழப்பம் ஒன்றுமில்லை.

குழப்பம் ‘மின்ஸ்மீட்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. கொத்திய இறைச்சி என்றுதானே நினைப்போம்? ஆனால் இன்று அப்பெயரில் விற்கப்படுவது உலர்ந்த திராட்சை, ஆப்பிள், சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்தோல், கிராம்பு, ஜாதிக்காய் முதலியவை சேர்ந்த இனிப்புக் கலவை. கிறிஸ்துமஸ் காலத்தில் ஆங்கிலேயர் உண்ணும் ‘மின்ஸ் பை’ என்னும் பண்டத்தினுள் வைக்கப்படுவது இதுவே. முற்காலத்தில் இதில் உண்மையாகவே இறைச்சி இருந்தது. 1747-ஆம் ஆண்டு ஹானா கிளாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட புகழ் பெற்ற சமையல் நூலில், விரும்புவோர் மாட்டு நாக்கை வேகவைத்துக் கொத்திச் சேர்க்கலாம் என்ற குறிப்பு உள்ளது. அதாவது, அக்காலத்திலேயே இறைச்சி கட்டாயமில்லை. பின்னர் இறைச்சி அடியோடு மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆயினும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பழைய முறைப்படி செய்யும் மின்ஸ்மீட்டில் ‘சூவெட்’ என்னும் கொழுப்பு உண்டு. இது மாடு அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்த சூவெட்டும் இன்று கிடைக்கிறது. எனவே இனிப்புதானே என்று எண்ணிச் சைவ உணவினருக்கு அதைக் கொடுத்துவிடக் கூடாது. எந்தச் சூவெட் என்று முதலில் பார்க்க வேண்டும்.

‘மீட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் உணவு என்றே பொருள். இறைச்சி என்ற குறுகிய பொருள் பின்னால் வந்தது. அதனால்தான் மிட்டாய் வகைகளை ‘ஸ்வீட்மீட்’ என்கின்றனர். ஆனால் ‘ஸ்வீட்பிரெட்’ என்று கேட்டால் இனிப்பு ரொட்டி வராது! கன்றுக்குட்டி அல்லது ஆட்டுக்குட்டியின் உடலிலுள்ள கணையம் முதலிய சுரப்பிகளைச் சமைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இதற்கு இன்னொரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1066-ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழி பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் விளைவாக, வயலில் நிற்கும் விலங்கிற்கு ஆங்கிலப் பெயரும், தட்டில் இருக்கும் அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சு வழிப் பெயரும் நிலைத்தன. ‘கவ்’ என்ற பசு தட்டில் ‘பீஃப்’ ஆயிற்று. ‘ஷீப்’ என்ற செம்மறியாடு ‘மட்டன்’ ஆயிற்று. ‘பிக்’ என்ற பன்றி ‘போர்க்’ ஆயிற்று. தமிழில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி என்று சொல்லும்போது விலங்கு நம் கண்முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது மறைந்துகொள்கிறது.

இடையர் பையும் குடிசைப் பையும்

பை என்றதும் நாம் தோளில் சுமக்கும் புத்தகப் பையை நினைக்க வேண்டாம்! இறைச்சியையோ பழத்தையோ உள்ளே வைத்து, மேலே மாவினால் மூடிச் சுடும் பண்டம் இது. ‘ஷெப்பர்ட்ஸ் பை’ என்பது இடையர் பை. ‘காட்டேஜ் பை’ என்பது குடிசைப் பை. இவ்விரண்டிலும் மாவு மூடி கிடையாது. அடியில் கொத்துக்கறி, மேலே உருளைக்கிழங்கு மசியல். அடுப்பில் வைத்து மேற்பரப்பு பொன்னிறமாகும் வரை சுடுவார்கள்.

இரண்டிற்கும் என்ன வேறுபாடு? இடையர் மேய்ப்பது செம்மறியாடு. ஆகையால் இடையர் பையில் ஆட்டிறைச்சிதான் இருக்க வேண்டும், குடிசைப் பையில் மாட்டிறைச்சி இருக்க வேண்டும் என்று இன்றைய ஆங்கிலேயர் பலர் உறுதியாகக் கூறுவர். மாற்றிச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வதும் உண்டு.

ஆனால் வரலாறு இவ்வாறு சொல்லவில்லை. இவ்விரண்டில் மூத்த பெயர் குடிசைப் பை. அது 1791-ஆம் ஆண்டிலேயே வழக்கில் இருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கு அக்காலத்தில் ஏழை எளியவரின் உணவாகப் பரவிக்கொண்டிருந்தது. சிறு குடிசைகளில் வாழ்ந்த உழைப்பாளிகளை நினைவூட்டும் பெயர் இது. இடையர் பை என்ற பெயர் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிந்தியது. 1854-இல் எடின்பரோவில் வெளிவந்த ஒரு சமையல் நூலில் அது காணப்படுகிறது. அந்நூலாசிரியை ஆட்டிறைச்சிதான் வேண்டும் என்று சொல்லவில்லை. சமைத்து ஆறிய எந்த இறைச்சியும் ஆகும் என்றே கூறுகிறார். அந்நூற்றாண்டு முழுவதும் இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கின. ஆடு இதற்கு, மாடு அதற்கு என்ற கண்டிப்பு பிற்காலத்தில் ஏற்பட்டதே. அமெரிக்காவில் இன்றும் மாட்டிறைச்சியில் செய்வதையே பெரும்பாலும் இடையர் பை என்கின்றனர்.

எந்த இறைச்சியும் ஆகும் என்று ஏன் சொன்னார்கள்? இப்பண்டம் பிறந்ததே மிச்சத்திலிருந்துதான். ஆங்கிலேயர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய இறைச்சித் துண்டைச் சுட்டு உண்பது வழக்கம். மிஞ்சியதைத் திங்கட்கிழமை வீணாக்காமல் கொத்தி, குழம்பு சேர்த்து, மலிவான உருளைக்கிழங்கால் மூடி, குடும்பம் முழுவதற்கும் போதுமாறு பெருக்கினார்கள். ஞாயிறன்று ஆட்டைச் சுட்டிருந்தால் திங்களன்று ஆடு. மாட்டைச் சுட்டிருந்தால் மாடு. மிஞ்சிய சோற்றில் நீரூற்றிப் பழைய சோறாக்கும் நம் பாட்டிமாரின் சிக்கனத்திற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

இக்குடும்பத்தில் வேறு உறவினரும் உண்டு. உருளைக்கிழங்கின் மேல் ரொட்டித் தூளும் பாலாடைக் கட்டியும் தூவினால் அது ‘கம்பர்லண்ட் பை’. இறைச்சிக்குப் பதில் காய்கறியும் பருப்பும் வைத்தால் ‘ஷெப்பர்டெஸ் பை’, அதாவது இடைச்சியர் பை! மீனை வைத்தால் ‘ஃபிஷ்ஷர்மென்ஸ் பை’, மீனவர் பை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்ப்போர் உண்ணத் தக்கது இதுவே. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே பொன்னிறமாக இருக்கும். உள்ளே இருப்பதோ வேறு வேறு.

பிரெஞ்சுக்காரர் இதே பண்டத்தை ‘ஆஷி பர்மான்டியே’ என்று அழைக்கின்றனர். ஆஷி என்றால் கொத்தியது. பர்மான்டியே என்பது ஒரு மனிதரின் பெயர். 1737 முதல் 1813 வரை வாழ்ந்த அவர் படையில் மருந்தாளராகப் பணியாற்றினார். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, அங்கே உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தார். அக்காலத்துப் பிரெஞ்சு மக்கள் உருளைக்கிழங்கை நோய் தரும் பொருள் என்று அஞ்சினர். 1748-இல் அதைப் பயிரிடுவதற்குத் தடையும் விதிக்கப்பட்டிருந்தது. நாடு திரும்பிய பர்மான்டியே, பஞ்சத்திற்கு இதுவே மருந்து என்று விடாமல் எடுத்துரைத்தார். 1772-இல் பாரிஸ் மருத்துவக் கழகம் உருளைக்கிழங்கு உண்ணத் தக்கதே என்று அறிவித்தது. நன்றி மறவாத மக்கள் அவர் பெயரை உணவிற்கே சூட்டினர். இப்பெயரிலும் எந்த விலங்கு என்ற செய்தி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தாரோ அடியில் மாட்டுக் கொத்துக்கறி, நடுவில் மக்காச்சோளம், மேலே உருளைக்கிழங்கு என்று அடுக்கி, அதைச் ‘சீனப் பை’ என்கின்றனர். சீனச் சமையலில் இப்படி ஒரு பண்டம் கிடையாது!

ஹாம் இல்லாத ஹாம்பர்கர்

இன்று உலகெங்கும் பரவியுள்ள கொத்துக்கறிப் பண்டம் ஹாம்பர்கர். ‘ஹாம்’ என்பது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி. ஆனால் ஹாம்பர்கரில் ஹாம் இல்லை. ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் என்ற துறைமுக நகரின் பெயர்தான் அதில் அடங்கியிருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ‘திருநெல்வேலி அல்வா’ வந்தது போல. பிற்காலத்து மக்கள் சொல்லைத் தவறான இடத்தில் பிரித்து, ஹாம் தனி, பர்கர் தனி என்று கொண்டனர். அதிலிருந்து சீஸ்பர்கர், கோழி பர்கர், காய்கறி பர்கர் என்று பிள்ளைகள் பிறந்துவிட்டன.

இப்பெயர் எப்படி ஏமாற்றுகிறது, பாருங்கள். பன்றியிறைச்சி உண்ணாத ஒருவர் ஹாம் என்ற ஒலியைக் கேட்டு வீணாக ஒதுக்கிவிடுவார். மாட்டிறைச்சி உண்ணாத ஒருவர் இது பன்றிதானே என்று எண்ணி உண்டுவிடுவார். அமெரிக்கச் சட்டப்படி ஹாம்பர்கர் என்ற பெயரில் விற்கும் கொத்துக்கறி மாட்டிறைச்சியாகவே இருக்க வேண்டும். அதில் கொழுப்பு 30 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது. ‘கிரவுண்ட் பீஃப்’ என்பதற்கும் இதே அளவுதான். ஆயினும் ஹாம்பர்கரில் மாட்டுக் கொழுப்பைத் தனியே சேர்க்கலாம், கிரவுண்ட் பீஃபில் சேர்க்கக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே!

முதல் உலகப் போரின்போது அமெரிக்கா ஜெர்மனியோடு போரிட்டது. ஜெர்மானியப் பெயரை உச்சரிக்க விரும்பாத அமெரிக்கர் சிலர் ஹாம்பர்கருக்குச் ‘சுதந்திர ஸ்டேக்’ என்று பெயரிட்டனர். போர் முடிந்ததும் அப்பெயர் மறைந்து பழைய பெயரே திரும்பியது.

ஹாம்பர்கருக்கு நெருங்கிய உறவு ‘சாலிஸ்பரி ஸ்டேக்’. இது இங்கிலாந்திலுள்ள சாலிஸ்பரி நகரத்து உணவு அன்று. ஜேம்ஸ் ஹென்றி சாலிஸ்பரி என்ற அமெரிக்க மருத்துவரின் பெயர் இது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வயிற்றுப்போக்கால் வீரர்கள் மடிவதைக் கண்ட அவர், உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1888-இல் ஒரு நூல் வெளியிட்டார். கொத்திய மாட்டிறைச்சியை நாளுக்கு மூன்று வேளை உண்ண வேண்டும் என்பது அவர் அறிவுரை. இன்றைய மருத்துவர்கள் இதை ஏற்பதில்லை. பெயர் மட்டும் உணவு விடுதிகளில் வாழ்கிறது.

இங்கே ‘ஸ்டேக்’ என்ற சொல்லும் நம்மைத் தவறாக வழிநடத்தக் கூடியது. ஸ்டேக் என்பது முழு இறைச்சித் துண்டு. அதில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். வெளிப்புறம் நன்றாக வெந்தால் அவை மடியும். ஆகவே உள்ளே சிவப்பாக இருந்தாலும் மேனாட்டார் உண்பர். கொத்துக்கறியிலோ மேற்பரப்பில் இருந்த கிருமிகள் உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. அதனால் கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு அறிவுறுத்துகிறது. ஸ்டேக் என்ற பெயரை நம்பி அரைவேக்காடாக உண்பது உடல்நலத்திற்குக் கேடு.

வாத்து இல்லாத வாத்து

வட இங்கிலாந்தில் ‘சேவரி டக்ஸ்’ என்றொரு பண்டம் உண்டு. சுவையான வாத்துகள் என்று பொருள். ஆனால் உள்ளே இருப்பது பன்றியின் ஈரல், இதயம் முதலியவற்றைக் கொத்தி, ரொட்டித் தூளும் மூலிகையும் சேர்த்து உருட்டியது. வாத்து வாங்க வசதியில்லாதவர்களின் வாத்து போலும்!

‘கார்ண்ட் பீஃப் ஹாஷ்’ என்பது இன்னொன்று. கார்ன் என்றால் சோளம் என்று நமக்குத் தெரியும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல் எந்தத் தானியத்தின் மணியையும் குறிக்கும். இறைச்சியைப் பதப்படுத்தத் தூவிய பருமனான உப்புக் கற்கள் தானிய மணிகள் போல் இருந்ததால் இப்பெயர் வந்தது. நம்மவர் உப்பிட்டு உலர்த்திய இறைச்சிக்கு ‘உப்புக்கண்டம்’ என்று எவ்வளவு தெளிவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

நம் நாட்டிற்கு வந்த பெயர்கள்

ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு வந்தபோது இக்குழப்பத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தனர். நாம் அதை மேலும் வளர்த்தோம் என்றே சொல்ல வேண்டும்.

‘கட்லெட்’ நாம் எல்லோரும் விரும்பி உண்பது. வெட்டுதல் என்ற பொருளுடைய ‘கட்’ என்ற சொல்லிலிருந்து அது வந்ததன்று. சிறு விலா எலும்பு என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஆட்டுக் கட்லெட் கேட்டால் எலும்போடு கூடிய விலாத் துண்டு வரும். நம் ஊர் ரொட்டிக் கடைகளிலும் ரயில் வண்டிகளிலும் கேட்டால் கொத்துக்கறியோ காய்கறியோ மசித்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது வரும். காய்கறிக்கு ஏது விலா எலும்பு?

‘சாப்’ என்பதும் அப்படியே. ஆங்கிலேயருக்கு அது எலும்புள்ள இறைச்சித் துண்டு. ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் செய்யும் ‘பொட்டேட்டோ சாப்’ என்பதோ உருளைக்கிழங்கு மசியலுக்குள் கொத்துக்கறியை வைத்துப் பொரித்தது. சற்றே எண்ணிப் பார்த்தால், இது இடையர் பையின் இந்தியத் தங்கையே.

‘மட்டன்’ என்பதிலும் ஒரு மாற்றம் உண்டு. இங்கிலாந்தில் அது முதிர்ந்த செம்மறியாட்டின் இறைச்சி. நம் நாட்டிலோ வெள்ளாட்டிறைச்சியையும் மட்டன் என்றே சொல்கிறோம். ஆங்கில நூலைப் பார்த்து நம் வீட்டில் இடையர் பை செய்தால், பெரும்பாலும் வெள்ளாடுதான் அதில் இருக்கும். சுவையும் வேகும் நேரமும் வேறுபடுவதில் வியப்பில்லை.

நம் சொற்கள் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றனவா? கொத்துக்கறி என்பது கொத்தும் செயலைச் சொல்கிறது. பலர் வீட்டில் வழங்கும் ‘கைமா’ என்ற சொல்லும் நறுக்குதலைக் குறிக்கும் துருக்கிச் சொல்லின் வழி வந்தது. கோப்தா என்றால் பாரசீக மொழியில் இடித்தது. செயல் தெரிகிறது, எந்த விலங்கு என்பது தெரிவதில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஏன் அறிய வேண்டும்?

பெயர் எதுவானால் என்ன, சுவையாக இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். எங்கள் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ மாணவியர் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கிறோம். ஒருத்தி மாட்டிறைச்சி உண்ணமாட்டாள். ஒருத்தி பன்றியிறைச்சி உண்ணமாட்டாள். ஒருத்தி இறைச்சியே உண்ணமாட்டாள். தவக்காலத்தில் எங்களில் பலர் இறைச்சியைத் தவிர்க்கிறோம். ஒருத்தியின் டிபன் பெட்டியிலிருந்து மற்றொருத்தி ஒரு கட்லெட்டை எடுக்கிறாள் என்றால், அவள் கட்லெட்டை மட்டும் நம்பவில்லை. தோழியின் சொல்லை நம்புகிறாள். அந்நம்பிக்கைக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டாமா?

நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த நிகழ்ச்சியே சான்று. 2013 ஜனவரியில் அயர்லாந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி பர்கர் என்று விற்கப்பட்டவற்றில் குதிரை இறைச்சி கலந்திருந்ததை அறிவித்தது. ஒரு மாதிரியில் அது 29 விழுக்காடு அளவிற்கு இருந்தது. பிற நாடுகளிலும் இத்தகைய கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டுப் பண்டங்கள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. குதிரை இறைச்சி நஞ்சன்று. சில நாடுகளில் உண்ணும் வழக்கமும் உண்டு. ஆயினும் மக்கள் சினந்தனர். காரணம், பெயர் ஒன்று, பொருள் வேறு என்று தாங்கள் ஏமாற்றப்பட்டதே. முழுத் துண்டாக இருந்திருந்தால் இவ்வளவு எளிதாக மறைக்க முடிந்திருக்காது.

நம் நாட்டில் பொட்டலங்களின் மேல் சைவ உணவிற்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்திற்குப் பழுப்பு முக்கோணமும் இடுகின்றனர். இது மிகவும் பயனுள்ளது. ஆனால் பழுப்புக் குறி இறைச்சியோ முட்டையோ மீனோ உண்டு என்றுதான் சொல்லும். எது என்று சொல்லாது. ஆதலால் சேர்பொருள்களின் பட்டியலையும் படிக்கப் பழக வேண்டும்.

கொத்துக்கறிப் பண்டம் எப்பெயரோடு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம்.

1. இது எந்த விலங்கின் இறைச்சி?
2. எந்தக் கொழுப்பும், முட்டை, ரொட்டித் தூள் போன்ற எந்தப் பொருளும் சேர்ந்துள்ளன?
3. நடுப்பகுதி வரை நன்றாக வெந்துள்ளதா?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். சமைப்பவர் கேட்கும் முன்னரே சொல்லிவிடுவது அதனினும் சிறந்த பண்பு. தாய்மார்களே, விருந்தினருக்குப் பரிமாறும்போது பண்டத்தின் பெயரோடு அதில் உள்ளதையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

குடிசையில் பிறந்த பண்டம் அரண்மனை மேசைக்கும் போகலாம். மருத்துவர் பெயரையும் நகரத்தின் பெயரையும் சூடிக்கொள்ளலாம். அப்பெயர்களின் கதைகளைக் கேட்டு மகிழ்வோம். உண்ணும்போதும் பிறர்க்கு ஊட்டும்போதும் உள்ளிருப்பதை அறிந்து நடப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு